கேளுங்கள், சொல்கிறேன்: மிஞ்சிய ஆறு பேரில் ஒருவர்

வசனமே இல்லாத நல்ல படம் ஒன்று சொல்லுங்கள் என்று போன மாதம் சிவகாசியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஜப்பானிய இயக்குநர் கனெட்டோ ஷிண்டோவின் 'மொட்டைத் தீவு' என்று நாலே வரியில் பதில் எழுதினேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. ஊர் ஊராகத் திரைப்படச் சங்கங்களுக்கு 16 எம்.எம். கருவி ஓட்டிய காலத்திலிருந்தே இந்த மனிதரைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவன் நான். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அவருக்கே.

கே: சொந்தமாகக் கம்பெனி வைத்துப் படம் எடுத்தவர் என்று எழுதியிருந்தீர்கள். பணக்கார வீட்டுப் பிள்ளையா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

ப: பணக்கார வீடாக இருந்து நொடித்துப்போன வீடு. 1912 ஏப்ரல் 22 அன்று ஹிரோஷிமா மாவட்டத்தில் பிறந்தார். நிலபுலன் உள்ள குடும்பம். அப்பா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டார், அந்தக் கடன் வீட்டின் தலையில் விழுந்தது, நிலம் கைவிட்டுப் போயிற்று. அம்மா அடுத்தவர் வயலில் கூலி வேலைக்குப் போனார். ஷிண்டோவின் படங்களில் மண்வெட்டி பிடித்த பெண்கள் ஏன் அத்தனை முறை வருகிறார்கள் என்றால், அவர் முதலில் பார்த்த உழைப்பு அதுதான். பின்னாளில் அந்த அம்மாவைப் பற்றியே 'இலையில்லா மரம்' என்று ஒரு படம் எடுத்தார்.

இருபத்தொரு வயதில், ஓனோமிச்சி ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தபோது சதாவோ யமனகா இயக்கிய ஒரு படத்தைப் பார்த்தார். சினிமாதான் இனி என்று அன்றைக்கே முடிவு. ஆனால் கியோட்டோ போக ரயிலுக்குக் காசு வேண்டுமே. சைக்கிள் கடையில் வேலை பார்த்துச் சேர்த்தார். 1934இல் கியோட்டோவில் இருந்த ஷின்கோ கினேமா கம்பெனிக்குப் போனபோது விளக்குப் பிடிக்கும் பிரிவில் சேர்க்க மறுத்துவிட்டார்கள், ஆள் குள்ளம் என்று. கடைசியில் படச்சுருள் கழுவும் லேபில் இடம் கிடைத்தது. அந்தப் பிரிவில் பதினோரு பேர், உண்மையில் வேலை செய்தது மூன்று பேர். மற்ற எட்டுப் பேரும் கம்பெனியின் பேஸ்பால் அணிக்காரர்கள்! அந்த மூன்று பேரில் இவர் ஒருவர்.

அந்த ஸ்டூடியோவின் கழிப்பறையில் துடைக்கும் காகிதமாகப் பழைய திரைக்கதைத் தாள்களை வைத்திருந்தார்கள். படம் என்பது முதலில் காகிதத்தில் எழுதப்படுகிறது என்று ஷிண்டோவுக்குத் தெரிந்ததே அங்கேதான். அந்தத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய் உட்கார்ந்து படித்தார். பின்னாளில் 200க்கு மேல் திரைக்கதை எழுதிய மனிதரின் முதல் பாடப்புத்தகம் அந்தக் காகிதம். இதை எங்கே சொன்னாலும் எனக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்க்கும்.

கே: அவருக்கு யார் குரு? (ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

ப: இயக்குநர் கென்ஜி மிசொகுச்சி. லேபிலிருந்து கலைப்பிரிவுக்கு மாறிய பிறகு மிசொகுச்சியின் படங்களில் அரங்க வேலை செய்தார். தயங்கித் தயங்கித் தன் திரைக்கதை ஒன்றைக் கொடுத்தபோது, இது திரைக்கதை இல்லை, வெறும் கதை என்று மிசொகுச்சி சொல்லிவிட்டார். எழுதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய அடி வேண்டுமா? ஷிண்டோ இடிந்துபோனார்.

அப்போது உடன் வாழ்ந்தவர் தகாகோ குஜி, படப்பிடிப்பில் காட்சித் தொடர்ச்சியைக் குறித்துவைக்கும் வேலை செய்தவர். அந்த வறுமையிலும் அவரைத் தாங்கிப் பிடித்தார் அந்தப் பெண். நாடக இலக்கியத் தொகுதிகளை வைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து மறுபடி படித்தார் ஷிண்டோ. 1943இல் தகாகோ காசநோயில் இறந்தார். எட்டு வருடம் கழித்து, 39 வயதில், ஷிண்டோ முதன்முதலாக இயக்கிய படம் அவரைப் பற்றியதுதான்: 'அன்பு மனைவியின் கதை'. நாயகிக்கும் தகாகோ என்றே பெயர். மறு வருடம் எடுத்த ஹிரோஷிமா படத்தின் ஆசிரியைக்கும் அதே பெயர்.

அடித்த குருவையும் அவர் மறக்கவில்லை. மிசொகுச்சி இறந்து ஏறக்குறைய இருபது வருடம் ஆன பிறகு, அவரோடு வேலை செய்த 39 பேரைத் தேடிப் போய்ப் பேட்டி கண்டு, 1975இல் இரண்டரை மணி நேர ஆவணப்படம் எடுத்தார். ஒரு மாணவன் தன் வாத்தியாரைப் பற்றி எடுத்த படங்களில் இதைவிட நேர்மையானதை நான் பார்த்ததில்லை. வாத்தியாரின் குறைகளையும் அப்படியே வைத்திருக்கிறார்.

கே: பெரிய கம்பெனியை விட்டு ஏன் வெளியே வந்தார்? சம்பளத் தகராறா? (ஒரு வாசகர், சேலம்)

ப: சம்பளத்துக்குக் குறைவில்லை. போருக்குப் பிறகு ஷோச்சிக்கு கம்பெனியில் மதிப்புள்ள திரைக்கதையாசிரியர். 1947இல் இவர் எழுதி கோசபுரோ யோஷிமுரா இயக்கிய 'அஞ்சோ வீட்டு விருந்து' அந்த வருடத்தின் தலைசிறந்த படமாக 'கினேமா ஜும்போ' பத்திரிகையில் தேர்வானது. ஆனாலும் இவர் எழுதுவது ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று மேலிடத்தில் முணுமுணுப்பு. அங்கே பெரிய கம்பெனிகள்தான் படம் எடுக்கும், தியேட்டரும் வைத்திருக்கும், நடிகர்களையும் ஒப்பந்தத்தில் கட்டிப்போடும். வெளியே வருகிறவனுக்கு நிற்க இடம் கிடையாது. தெரிந்தேதான் வந்தார்கள். 1950இல் ஷிண்டோ, யோஷிமுரா, நடிகர் தாய்ஜி தோனோயாமா ஆகியோர் சேர்ந்து 'கிந்தாய் எய்கா க்யோகாய்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நவீன சினிமாச் சங்கம் என்று பொருள். அறுபது வருடம் கழித்து ஷிண்டோவின் கடைசிப் படமும் அதே அமைப்பிலிருந்துதான் வந்தது. ஜப்பானில் அதே காலத்தில் முளைத்த சுயாதீனக் கம்பெனிகள் பலவும் சில வருடங்களில் மூடிப்போயின என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

கே: நான் பள்ளி ஆசிரியை. ஹிரோஷிமா பற்றி அவர் எடுத்த படத்தை ஆசிரியர்களே எதிர்த்தார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

ப: எதிர்த்தார்கள் என்பதைவிட, அவர்களுக்குத் திருப்தி இல்லை என்று சொல்லலாம். குண்டிலிருந்து தப்பிய பிள்ளைகள் எழுதியவற்றை அராதா ஓசாதா என்ற கல்வியாளர் தொகுத்திருந்தார். அதை வைத்துப் படம் எடுக்க ஜப்பான் ஆசிரியர் சங்கம் முன்வந்தது. ஷிண்டோ 'அணுகுண்டின் பிள்ளைகள்' எடுத்தார். அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிந்தது 1952 ஏப்ரலில். படம் வெளியானது அதே வருடம் ஆகஸ்ட் 6 அன்று, குண்டு விழுந்த அதே தேதியில். ஆக்கிரமிப்புக் காலத்தில் சினிமாவில் இந்த விஷயத்தை வாய்விட்டுப் பேசத் தணிக்கை விட்டதில்லை.

படத்தில் ஒரு இளம் ஆசிரியை, கோடை விடுமுறையில், குண்டு விழுந்து சில வருடங்களுக்குப் பிறகு ஹிரோஷிமாவுக்குத் திரும்புகிறாள். தான் பாலர் பள்ளியில் சொல்லிக்கொடுத்த குழந்தைகளில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. யார் குற்றவாளி என்று கை நீட்டவில்லை, வெறுமனே அழவைக்கிறது என்று சங்கத்துக்குக் குறை. அவர்களே அடுத்த வருடம் இன்னொரு இயக்குநரை வைத்து 'ஹிரோஷிமா' என்ற வேறொரு படம் எடுக்கவைத்தார்கள்.

எனக்கு இரண்டு படங்களும் வேண்டும். ஆனால் ஷிண்டோ பக்கம் ஒன்று சொல்வேன். அவர் அந்த மண்ணின் பிள்ளை. அவர் கேமரா போய் நின்ற இடங்கள் அவர் ஊரின் இடிபாடுகள். அப்படிப்பட்டவர் முதலில் துக்கம் விசாரிக்கத்தான் போவார். வாத்தியாரம்மா, நீங்கள் ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

குண்டை அவர் விடவே இல்லை. 1954இல் பிகினியில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்தபோது அந்தச் சாம்பல் விழுந்த ஜப்பானிய மீன்பிடிப் படகைப் பற்றி 1959இல் 'ஐந்தாம் எண் அதிர்ஷ்ட டிராகன்' எடுத்தார். 1988இல், ஹிரோஷிமாவில் அன்றைக்கு மாட்டிக்கொண்ட நாடகக் குழுவைப் பற்றி 'சகுரா குழு உதிர்ந்தது' எடுத்தார்.

கே: 'மொட்டைத் தீவு' பார்த்தேன், தூங்க முடியவில்லை. எப்படி எடுத்தார்கள்? எவ்வளவு செலவு? அதை 'நிர்வாணத் தீவு' என்றுதானே சொல்ல வேண்டும்? (ஒரு வாசகர், சாத்தூர்)

ப: பெயரை முதலில் முடித்துவிடுவோம். புல்பூண்டில்லாத பாறையை நாம் மொட்டைப் பாறை என்கிறோம். நிழல் இல்லாத மாடியை மொட்டை மாடி என்கிறோம். அந்தத் தீவுக்கு அதுதான் பொருத்தம்.

எப்படி எடுத்தார்கள் என்பதற்கு முதலில் ஏன் எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன மீன்பிடிப் படகுப் படம் வசூலில் விழுந்தது. கம்பெனி கடனில் மூழ்கியது. மூடிவிடலாம், மூடுவதற்கு முன்னால் நமக்கு ஆசையான ஒரு படத்தை எடுத்துவிட்டு மூடலாம் என்று முடிவு செய்தார் ஷிண்டோ. கையில் இருந்தது ஏறக்குறைய 50 லட்சம் யென். அன்றைய ஜப்பானில் சாதாரணப் படம் ஒன்றுக்கு அதைப்போலப் பல மடங்கு ஆகும். யூனிட்டில் 13 பேர். செட்டோ உள்கடலில் மிஹாரா பக்கத்தில் சுக்குனே என்ற குட்டித் தீவைப் பிடித்தார்கள். பக்கத்து சாகித் தீவில் எல்லோரும் ஒன்றாகத் தங்கினார்கள். நடிகர்கள் இரண்டே பேர், தோனோயாமாவும் நடிகை நொபுகோ ஓத்தொவாவும். படத்தில் வரும் இரண்டு பையன்களும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். தோனோயாமா குடியால் ஈரல் கெட்டு மோசமான நிலையில் இருந்தவர். தீவில் சாராயம் கிடைக்காததால் படம் முடியும்போது தேறிவிட்டார்.

தீவில் தண்ணீர் கிடையாது. விடியும் முன்பே புருஷனும் பெண்டாட்டியும் படகில் அக்கரைக்குப் போய், மர வாளிகளில் தண்ணீர் மொண்டு, படகேற்றி, துடுப்புப் போட்டுத் திரும்பி, காவடித் தடியைத் தோளில் ஏற்றி, செங்குத்தான சரிவில் ஏறி, ஒவ்வொரு செடிக்கும் ஒரு அகப்பை ஊற்ற வேண்டும். மண் அதை ஒரு நொடியில் குடித்துவிடும். மறுபடி படகு. படம் முக்கால்வாசியும் இதுதான். ஹிகாரு ஹயாஷியின் இசையில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும், அந்த நடையைப் போலவே.

சாயல்குடி பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இதை ஓட்டினேன். இடத்தைப் பெருக்கிவிட்டுச் சாவிக்காகக் காத்திருந்த அம்மா ஒருவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து கிலோமீட்டர் நடந்து தண்ணீர் எடுக்கிற ஊர் அவருடையது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து, "வாளியில நிசமாவே தண்ணி இருக்குய்யா. காலி வாளிய வச்சுக்கிட்டு இப்படி நடக்க வராது, பாதத்தப் பாருங்க" என்றார். அதற்கு முன் நாலு தடவை அந்தப் படத்தை ஓட்டியிருக்கிறேன், பாதத்தை நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓத்தொவா முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார். முழங்கால் மடங்கியே இருக்கிறது. வாளி ஆடக்கூடாது என்பதற்காக இடுப்பு மட்டும் தடியோடு சேர்ந்து மெல்ல ஏறி இறங்குகிறது. தடி வில்லாக வளைந்து நிமிரும் அதே கணத்தில் அடுத்த எட்டு. சுமப்பவர்களுக்குத்தான் தெரியும், தடி நிமிரும்போது பாரம் ஒரு துளி குறையும், அந்த நேரத்தில் காலை எடுத்து வைக்க வேண்டும் என்று. தகரஜுகா இசை நாடகக் குழுவின் மேடையில் ஆடிய நட்சத்திரம் அந்தப் பெண்மணி.

1961இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் பெரிய பரிசு, ஒரு ரஷ்யப் படத்தோடு பகிர்ந்தது. பிறகு 60க்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. மூடுவதற்காக எடுத்த படம் கடனை அடைத்துக் கம்பெனியைக் காப்பாற்றியது.

கே: அதே படத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்ட மனைவியை அவன் அறைகிறானே, அதை நீங்கள் எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள்? (ஒரு வாசகி, புதுச்சேரி)

ப: ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொள்ளச் சொல்லிப் படமும் கேட்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரின் விலை அந்த வீட்டில் அவ்வளவு என்று அந்த அறை சொல்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைசிப் பகுதிக்கு வாருங்கள். மூத்த பையன் காய்ச்சலில் இறந்த பிறகு ஒருநாள் அவளே வாளியைக் கவிழ்த்துக் கொட்டுகிறாள், நட்ட செடியைப் பிடுங்கி எறிந்து மண்ணில் விழுந்து கதறுகிறாள். இந்தத் தடவை அவன் அடிக்கவில்லை. நின்று பார்க்கிறான், பிறகு தன் வேலைக்குத் திரும்புகிறான். கொஞ்ச நேரத்தில் அவளும் எழுந்து அகப்பையை எடுக்கிறாள். முதல் கொட்டலுக்கும் இரண்டாவது கொட்டலுக்கும் நடுவில் அந்த மனிதனுக்கு என்ன ஆயிற்று என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லியிருக்கிறார். உங்கள் கோபம் நியாயம். இன்னொரு முறை பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கே: பேய்ப்படம் எடுப்பவர் என்று என் தம்பி சொல்கிறான். (ஒரு வாசகர், ஈரோடு)

ப: தம்பி 'ஓனிபாபா'வைப் பார்த்திருப்பார். 1964. பதினான்காம் நூற்றாண்டுப் போர்க்காலம். ஆள் உயரக் கோரைப்புல்லுக்குள் ஒரு மாமியாரும் மருமகளும் வழி தவறி வரும் சாமுராய்களைக் கொன்று, உடைமைகளை விற்று வயிறு கழுவுகிறார்கள். சீபா மாவட்டத்தில் இன்பா சதுப்பில் எடுத்தது. அங்கேயே கொட்டகை போட்டுக் குழு முழுவதும் தங்கியது. நடுவில் விட்டுப்போனால் சம்பளம் கிடையாது என்பது ஒப்பந்தம். படத்தில் பிணங்களைத் தள்ளுகிற அந்தக் குழி இருக்கிறதே, அது குழியே இல்லை. சதுப்பில் தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும் என்பதால் தரைக்கு மேலே கட்டி எழுப்பினார்கள். கடைசியில் முகமூடி கழன்று மாமியாரின் முகம் தெரியும்போது அந்த ஒப்பனைக்கு மாதிரி, அணுகுண்டில் வெந்தவர்களின் படங்கள். பேய்ப்படத்திலும் ஹிரோஷிமா வந்துவிட்டது. 1968இல் வந்த 'கருப்புப் பூனை'யையும் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: ஓத்தொவாவுக்கும் அவருக்கும் என்ன உறவு? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, மதுரை)

ப: தகரஜுகா என்ற பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழுவின் நட்சத்திரம் அவர். மேலே 'மேடையில் ஆடியவர்' என்று நான் சொன்னது அதைத்தான். டாய்யே கம்பெனி அவரை வைத்து இனிப்பான படங்களாக எடுத்துக்கொண்டிருந்தது. 'அன்பு மனைவியின் கதை'யில் நடித்தார், பிறகு அந்தக் கம்பெனியையே விட்டுவிட்டு, காசில்லாத இந்தச் சின்னக் குழுவுக்கு வந்துவிட்டார்.

ஷிண்டோவுக்கு அப்போது மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். காதல் வருடக்கணக்கில் நீண்டது. முதலில் மணவிலக்கு, அந்த அம்மாள் இறந்த பிறகு 1978இல் ஓத்தொவாவை மணந்தார். அந்த வீட்டில் இருந்தவர்கள் பட்டதை நான் லேசாகப் பேச மாட்டேன். அதே சமயம், இந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையையும் என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

1990களில் ஓத்தொவாவுக்கு ஈரல் புற்றுநோய். நாள் அதிகம் இல்லை என்று தெரிந்துகொண்டே ஷிண்டோ அவருக்காக 'பிற்பகலின் உயில்' படத்தைத் தொடங்கினார். ஹாருகோ சுகிமுரா முதிய நாடக நடிகையாகவும், ஓத்தொவா மலைவீட்டைக் கவனித்துக்கொள்ளும் கிராமத்துப் பெண்ணாகவும் நடித்தார்கள். படம் திரைக்கு வந்தது 1995. ஓத்தொவா 1994 டிசம்பரிலேயே போய்விட்டார். அதில் அவர் சிரிக்கும் காட்சிகளைப் பாருங்கள், நோயாளியின் சிரிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

கே: மூன்று குறும்படம் எடுத்திருக்கிறேன். நகையை அடகு வைத்த அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஷிண்டோ போன்றவர்கள் பணத்துக்கு என்ன செய்தார்கள்? (ஒரு இளைஞர், விருதுநகர்)

ப: தம்பி, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அவர் செய்தது இதுதான்: அடுத்தவர்களுக்கு எழுதினார். தன் படம் ஒன்று எடுக்கும் இடைவெளியில் மற்றவர்களுக்குப் பல திரைக்கதைகள். இயக்குநர் யசுஸோ மசுமுராவுக்கு எழுதினார், இயக்குநர் செய்ஜுன் சுசுகிக்கு எழுதினார். இறந்த எஜமானுக்காக ரயில் நிலையத்தில் காத்திருந்த நாயின் கதை 'ஹாச்சிகோ', 1987இல் ஜப்பானில் பெரிய வெற்றி, அதுவும் அவர் எழுத்துதான். ரிச்சர்ட் கேர் நடித்து ஆங்கிலத்தில் நீ பார்த்திருப்பாயே, அதன் மூலம் இது. அந்த வேலையை அவர் கேவலமாக நினைக்கவில்லை, அரைமனதோடும் செய்யவில்லை.

இன்னொன்று. இயக்குநர், ஒரு நடிகர், ஒரு நடிகை, இசைக்கு ஹயாஷி, ஒளிப்பதிவுக்கு கியோமி குரோதா என்று அதே முகங்களை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டார். ஷூட்டிங் என்றால் ஒரே இடத்தில் தங்கி, ஒரே பானையில் சோறு. செலவு குறைவதற்கு அதுவே பாதிக் காரணம். உனக்கு அப்படி நாலு பேர் இருக்கிறார்களா? இருந்தால் அவர்களை விடாதே. அம்மாவின் நகையை முதலில் மீட்டுக் கொடு. நாலாவது படத்தை அதற்கு அப்புறம் எடுக்கலாம், தமிழில் எழுதத் தெரிந்தவனுக்கு வேலை கிடைக்கும்.

கே: தலைப்பில் 'மிஞ்சிய ஆறு பேர்' என்று போடப் போவதாக முகநூலில் சொல்லியிருந்தீர்கள். யார் அந்த ஆறு பேர்? (ஒரு வாசகர், காரைக்குடி)

ப: 1944இல், 32 வயதில், ஷிண்டோவைக் கடற்படைக்கு இழுத்துப் போனார்கள். அவரையும் சேர்த்து 100 பேர், பெரும்பாலும் குடும்பஸ்தர்கள். துப்புரவு வேலைதான் முதலில். வேலை முடிந்ததும் அடுத்து யார் எங்கே என்பதை மேலதிகாரிகள் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். ஒரு பகுதியினர் பிலிப்பைன்ஸ் பக்கம், ஒரு பகுதியினர் நீர்மூழ்கிக் கப்பல்கள். 94 பேர் திரும்பவில்லை. மிஞ்சிய ஆறு பேரில் ஷிண்டோ ஒருவர். திறமையால் பிழைக்கவில்லை, தைரியத்தாலும் இல்லை, சீட்டு அப்படி விழுந்தது.

பிலிப்பைன்ஸ் போகப் பெயர் விழுந்த ஒரு சிப்பாய், தன் மனைவி எழுதிய அஞ்சலட்டையை அவருக்குக் காட்டினாராம். இன்றைக்குத் திருவிழா, ஆனால் நீங்கள் இல்லாததால் ஒன்றும் நன்றாக இல்லை என்று அதில் இருந்தது. தணிக்கைக்குப் பயந்து அவரால் பதில் போட முடியவில்லை. அந்த அஞ்சலட்டையை ஷிண்டோ அறுபத்தைந்து வருடத்துக்கும் மேலாக மனத்தில் வைத்திருந்தார். 2010இல், 98 வயதில், சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைப் படமாக எடுத்தார். பெயரே 'ஒரு அஞ்சலட்டை'. இதுதான் கடைசி என்று அவரே அறிவித்தார். பேத்தி காஸே ஷிண்டோ, அவரும் இயக்குநர், தாத்தாவைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். டோக்கியோ திரைப்பட விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

படத்தில் பிழைத்து வந்த சிப்பாய், இறந்தவனின் மனைவியைத் தேடி அந்த அட்டையோடு போகிறான். அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான் படத்தின் உயிர்: நீ மட்டும் ஏன் சாகவில்லை? அதற்கு அவனிடம் பதில் இல்லை. கடைசியில் எரிந்துபோன வீட்டு மண்ணில் இருவரும் பார்லி விதைக்கிறார்கள். தோளில் காவடித் தடி, இரண்டு முனையிலும் வாளி. ஐம்பது வருடத்துக்கு முன் பார்த்த அதே நடை.

கே: அந்தத் தீவு இப்போதும் இருக்கிறதா? (ஒரு பள்ளி மாணவர், ராமேஸ்வரம்)

ப: இருக்கிறது. ஆள் இல்லாத தீவு. ஓத்தொவாவின் அஸ்தியில் பாதியை அங்கே தூவினார்கள். ஷிண்டோ 2012 மே 29 அன்று, நூறு வயது முடிந்து ஐந்து வாரம் கழித்து இறந்தார். அவருடைய அஸ்தியையும் அங்கேயே கொண்டுபோய்த் தூவினார்கள்.